குழந்தையின் உடலில் கட்டி: அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது?

நெசவுக் கூலி வழங்கும் நாளில் சங்கக் கட்டடத்தின் திண்ணையில் தாய்மார்கள் கூடிப் பேசுவதை நாம் அறிவோம். நூல் விலை, பள்ளிக்கூடச் செலவு, பெய்யாத மழை ஆகிய பேச்சுகளுக்கு நடுவே, “பிள்ளையின் கழுத்தில் ஏதோ நெருடுகிறது” என்னும் சொல்லும் அடிக்கடி எழுகிறது. உடனே ஆளுக்கொரு யோசனை பிறக்கும். தானே அமுங்கிவிடும் என்பார் ஒருவர். பற்றுப் போடச் சொல்வார் மற்றொருவர். எங்கோ கேள்விப்பட்ட புற்றுநோய்க் கதையொன்றைச் சொல்லி, கேட்பவரின் உறக்கத்தைக் கெடுப்பவரும் உண்டு. ஆதலின், இம்முறை இப்பகுதியில் இப்பொருளையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நம் தெருக்களில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை முதலில் கூறுவோம். பெயர்கள் வேண்டா.

அங்கத்தினர் ஒருவர் தம் 4 வயது மகனின் பிடரியில், தலைமயிர் முடியுமிடத்தில், கொண்டைக்கடலை அளவில் மூன்று உருண்டைகள் இருப்பதைக் கண்டார். உறவினர் ஒருவர் சொன்ன சொல்லால் மனம் கலங்கி, முன்பணம் பெற்றுக்கொண்டு நகரத்துக்கு ஓடினார். நான்கு நாள் தறி நின்றது. பலவகைப் படங்கள் எடுக்கப்பட்டன. முடிவில், முதிய மருத்துவர் ஒருவர் சிறுவனின் தலைமயிரை விலக்கிப் பார்த்து, பேனும் பேன்கடியைச் சொறிந்ததால் ஆன புண்களுமே காரணம் என்று காட்டினார். தலையைத் தூய்மை செய்து, புண்ணுக்கு மருந்திட்டதும் உருண்டைகள் சில வாரங்களில் சுருங்கிவிட்டன.

மற்றொரு குடும்பத்தில் 9 வயதுச் சிறுமிக்குக் கழுத்தின் வலப்புறம் ஒரு கட்டி எழுந்தது. வலியில்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. பள்ளிக்குச் சென்றாள், மாலையில் தாய்க்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். வலி இல்லாததனாலேயே ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்து திங்கள் கழிந்தன. ஒரு கட்டி மூன்றாயிற்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றிட்டார்கள். பின்னர் எவரோ ஒருவர் அதனைக் கீறிவிட்டார். கீறிய வாய் மூடவே இல்லை. சீழ் கசிந்துகொண்டே இருந்தது. அச்சிறுமியின் செய்திக்குப் பின்னர் வருவோம்.

முதற்குடும்பம் வீணே அஞ்சிக் கைப்பொருளை இழந்தது. இரண்டாவது குடும்பம் அஞ்சாமல் இருந்து காலத்தை இழந்தது. இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு காண்பது பெற்றோருக்கு இயலாத காரியமன்று.

நெறி கட்டுதல் என்பது யாது?

காலில் முள் தைத்துப் புரையோடினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. அவர்கள் அறிவு சரியானதே. நம் உடலில் இரத்தக் குழாய்களேயன்றி நிணநீர்க் குழாய்கள் என்னும் மெல்லிய குழாய்களும் உண்டு. வயலின் மிகை நீரை வடிகால் வாங்கிச் செல்வதுபோல, உடல் தசைகளில் தேங்கும் நீரை இவை வாங்கிச் சென்று மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் ஆங்காங்கே பயறு போன்ற கணுக்கள் உள்ளன. வடிகாலின் வாயில் முள்வேலி வைத்துச் செத்தைகளைத் தடுக்கிறோமல்லவா? அதுபோல, இக்கணுக்கள் நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்தி அவற்றோடு போரிடுகின்றன. போரிடும்போது அவை பருக்கின்றன. அதனையே நெறி கட்டுதல் என்கிறோம்.

கழுத்து, தாடையின் கீழ், காதின் பின்புறம், பிடரி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் இக்கணுக்கள் மிகுதி. சிறு வயதில் உடல் புதிய கிருமிகளை ஒவ்வொன்றாகச் சந்தித்துப் பழகுகிறது. சளி, தொண்டைப்புண், சொத்தைப்பல், காதில் சீழ், சிரங்கு, தலைப்பேன் என ஏதேனும் ஒன்று வந்தவண்ணம் இருக்கும். ஆதலால், நலமாய் ஓடியாடும் குழந்தைகள் பலருக்குக் கழுத்தில் சிறு கணுக்கள் கைக்குத் தட்டுப்படுவது இயல்பே. மெலிந்த குழந்தைக்கு இன்னும் எளிதில் தட்டுப்படும். சளி நீங்கிய பின்னும் கணு சுருங்க ஆறு வாரம், எட்டு வாரம் ஆவதுண்டு. படிப்படியாகச் சிறுத்து வருகிறதா என்பதே கவனிக்கற்பாலது.

கட்டியே அல்லாத ஒன்றைக் கட்டி என்று கருதி அஞ்சுவாரும் உண்டு. மார்புக்குழியில், விலாவெலும்புகள் கூடுமிடத்தின் கீழே, ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். அது மார்பெலும்பின் நுனி. காதின் பின்னுள்ள எலும்பு மேடும், பின்தலையின் நடு மேடும் அத்தகையனவே. இருபுறமும் தடவி ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

எவ்வாறு தொட்டுப் பார்ப்பது?

குழந்தையை மடியில் அமர்த்தி, தலையைச் சற்றே முன்குனியச் செய்து, கையைச் சூடுபடுத்திக்கொண்டு விரல்களின் மெத்தென்ற பகுதியால் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். விரல் நுனியால் குத்துதல் கூடாது. நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எங்கே உள்ளது? எவ்வளவு பெரிது? எத்துணைக் கடினம்? விரலுக்கு நழுவி ஓடுகிறதா, அடியில் ஒட்டிக்கொண்டு அசையாதிருக்கிறதா?

கடினத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. உதட்டைத் தொட்டால் மென்மை. மூக்கு நுனியைத் தொட்டால் சற்றே விறைப்பு. நெற்றியைத் தொட்டால் கல். உதடுபோல் மெத்தென்றும் நழுவியும் இருக்கும் சிறு கணு பெரும்பாலும் தீங்கற்றது. நெற்றிபோல் கடினமாய், அசையாது நிற்பது மருத்துவர் பார்க்க வேண்டியது.

அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் அளக்க வேண்டும். துணி அளக்கும் நமக்கு இது கடினமன்று. கழுத்தில் 1 சென்டிமீட்டர் வரையிலும், தொடையிடுக்கில் 1.5 சென்டிமீட்டர் வரையிலும் உள்ள கணுக்கள் குழந்தைகளுக்கு இயல்பாகக் காண்பவை. கொண்டைக்கடலை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இருக்கும். 2 சென்டிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், என்பது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய எல்லை. அளந்ததைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். “ரொம்ப நாளாக இருக்கிறது, பெரிதாகிவிட்டதுபோல் தோன்றுகிறது” என்று மருத்துவரிடம் கூறுவதைவிட, “மூன்று வாரத்துக்கு முன் 1 சென்டிமீட்டர், இன்று 2” என்று கூறுவது பன்மடங்கு பயனுடையது. வாரம் ஒரு முறை அளந்தால் போதும். நாள்தோறும் அழுத்திப் பார்ப்பது கணுவையும் புண்படுத்தும், குழந்தையின் மனத்தையும் கலக்கும்.

காத்திருக்கலாகாத அடையாளங்கள்

சளியோ, தொண்டைப்புண்ணோ, அருகே ஒரு புண்ணோ இருந்து, நெறி சிறிதாயும், தொட்டால் நோவதாயும், நழுவுவதாயும் இருந்தால், குழந்தை வழக்கம்போல் உண்டு விளையாடுமாயின், இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். மூலமான புண்ணுக்கு மருத்துவம் செய்தல் போதும்.

இரண்டு வாரமாகியும் குறையாமல் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, அல்லது வாரத்துக்கு வாரம் வளர்வது, கடினமாய் இருப்பது, அடியோடு ஒட்டியிருப்பது, பல ஒன்றுசேர்ந்து கொத்தாவது ஆகியவற்றை அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தெலும்புக்கு மேலுள்ள குழியில் ஒரு கணு தட்டுப்பட்டால், அது எத்துணைச் சிறிதாயினும் இரண்டு வாரம் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. அவ்விடத்தில் கணு தட்டுப்படுதல் இயல்பன்று. மார்பிலோ வயிற்றிலோ உள்ள நோயை அது அறிவிக்கக்கூடும்.

கட்டியை மட்டும் பார்த்தல் போதாது. குழந்தையையும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, எடை குறைதல், முகம் வெளுத்தல், அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் தோன்றுதல், ஈறில் இரத்தம் கசிதல், எலும்பு நோவு என்று குழந்தை நடக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று கட்டியுடன் சேர்ந்திருப்பின், கட்டியின் அளவைப் பற்றி யோசியாமல் உடனே செல்ல வேண்டும். இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் இவ்வாறு வெளிப்படுவதுண்டு. அவை அரியவை. அன்றியும், குழந்தைகளுக்கு வரும் இந்நோய்களுள் பல, காலத்தில் மருத்துவம் தொடங்கினால் முற்றும் குணமாகத்தக்கவை. முதியோரின் புற்றுநோயைக் கண்ட கண்ணால் குழந்தையின் நோயையும் மதிப்பிட்டு, “சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன” என்று வீட்டிலேயே முடங்குதல் பெரும் பிழை. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்யப்பட்டு வருகிறது.

கழுத்து வீங்கி, குழந்தை எச்சில் விழுங்க முடியாமல் வடியவிட்டாலும், வாய் திறக்க இயலாவிடினும், மூச்சுத் திணறினாலும் அது அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே செல்ல வேண்டிய நிலை. 108-ஐ அழைக்கத் தயங்குதல் கூடாது.

கண்டமாலை

இனி அச்சிறுமியின் செய்திக்கு வருவோம். கழுத்தைச் சுற்றி மாலை கோத்தாற்போல் கட்டிகள் வரிசையாக எழுவதனால் முன்னோர் இதற்குக் கண்டமாலை என்று பெயரிட்டனர். இது பெரும்பாலும் காசநோயே. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். நிணநீர்க் கணுக்களிலும் அது தங்கும். நம் நாட்டில் குழந்தைகளின் கழுத்தில் நாட்பட்டு நிற்கும் கட்டிகளுக்கு அது முக்கியமான காரணம். அதன் சூழ்ச்சி யாதெனில், அது வலிப்பதில்லை. மற்றக் கட்டிகளைப்போல் சிவந்து சுடுவதுமில்லை. மெல்ல வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பின்னர் இளகி, தோலைத் துளைத்து ஒழுகத் தொடங்கும்.

இக்கட்டியை மருத்துவர் அல்லாதார் கீறினால், அந்த வாய் மூடாமல் திங்கள் கணக்கில் சீழ் ஒழுகும். நம் சிறுமிக்கு நேர்ந்தது அதுவே. கீறியவர் யாவர் என்பதை இங்கே ஆராய வேண்டுவதில்லை. கீற இடங்கொடுத்தது நம் அறியாமை.

நாம் மட்டுமே அறியாமையில் இருந்தோம் என்று நாணவும் வேண்டா. இங்கிலாந்தில் அரசர் கை பட்டால் இந்நோய் தீரும் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். ஆங்கில அகராதி செய்து புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712-இல், அவர் தாய் இலண்டனுக்குச் சுமந்து சென்று ஆன் அரசியின் கையால் தொடச் செய்தார். அரசி கொடுத்த பொற்காசைக் கழுத்தில் அணிந்திருந்தும் நோய் தீரவில்லை. தழும்புகள் வாழ்நாள் முழுதும் அவர் கழுத்தில் இருந்தன. மந்திரித்த கயிற்றுக்கும் அப்பொற்காசுக்கும் வேறுபாடு இல்லை.

சிறுமியை முடிவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்திச் சிறிது நீரை உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று அஞ்சி அவள் பாட்டி முதலில் தடுத்தார். அந்த அச்சத்துக்கு இடமில்லை. சாதாரண ஊசி போடும் நோவே அதன் நோவு. ஜீன் எக்ஸ்பெர்ட் போன்ற கருவிகள் காசநோய்க் கிருமி உண்டா என்பதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடுகின்றன. காசநோய் என்றே தெரிந்தது.

பின்னர் மருத்துவர் கேட்ட கேள்விதான் அந்தக் குடும்பத்தைத் திடுக்கிடச் செய்தது. “வீட்டில் நெடுநாள் இருமுவார் எவரேனும் உண்டா?” என்று கேட்டார். பாட்டனார் இருமிக்கொண்டிருந்தார். நூற்பஞ்சுத் தூசியென்றும் பீடியென்றும் எண்ணி அவ்விருமலை யாரும் பாராட்டவில்லை. காற்றோட்டம் குறைந்த தறிக் கூடத்தில் அவர் பக்கத்தில் அமர்ந்தே சிறுமி தார் சுற்றி வந்தாள். அவர் சளியைச் சோதித்தபோது நுரையீரல் காசம் வெளிப்பட்டது. சிறுமியின் கழுத்துக் கட்டி பிறருக்குத் தொற்றாது. ஆனால், அவரது இருமல் வீட்டிலுள்ள அனைவருக்கும் தொற்றக்கூடியது. வீட்டில் 2 வயதுக் குழந்தையொன்றும் இருந்தது. அதனைச் சோதித்து, நோய் இல்லையென்று தெரிந்ததும், நோய் வராமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். ஆதலின், ஒரு குழந்தைக்குக் கண்டமாலை என்று தெரிந்தால், அந்த வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். மாடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு மற்றொரு செய்தி: நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சாமல் அருந்துவதாலும் கழுத்துக் கணுவில் காசம் வருவதுண்டு. பாலைப் பொங்கக் காய்ச்சினால் அந்த அச்சமில்லை.

மருத்துவம் ஆறு திங்கள். முதல் இரண்டு திங்கள் நான்கு மருந்துகளும், பின் நான்கு திங்கள் மூன்று மருந்துகளும் குழந்தையின் எடைக்கேற்ப நாள்தோறும் தரப்படுகின்றன. அரசினர் இவற்றை விலையின்றி வழங்குகிறார்கள். 2018 முதல் நோயாளியின் உணவுக்காகத் திங்கள்தோறும் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இத்தொகையைக் கேட்டுப் பெறாத குடும்பங்கள் உண்டென்பதால் இங்கே எழுதுகிறோம்.

வீட்டிலிருந்தே மருந்துண்டு காசநோயைப் போக்கலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னை நகரம். 1956-இல் அங்கே நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளரை ஒரு பகுதியாரை மருத்துவமனையிலும் மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்து, வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமானதை 1959-இல் வெளியிட்டது. நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழை மக்களே அவ்வாய்வில் பங்குகொண்டவர்கள். குழந்தைகளின் கழுத்துக் கணுக்காசத்துக்கு ஆறு திங்கள் மருத்துவம் நற்பயன் தருவதையும் அதே நிலையம் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டது.

மருந்து தொடங்கியபின் தாய்மார்களைக் கலங்கச் செய்பவை இரண்டு. சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அது மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று. கட்டி சுருங்குவதற்கு முன் சில குழந்தைகளுக்குச் சற்றுப் பெருக்கவும் கூடும். அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டுமேயன்றி மருந்தை நிறுத்தலாகாது. ஆனால், கண் மஞ்சளித்தாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது திங்களில் கட்டி சுருங்கிக் குழந்தை நன்றாய் உண்ணத் தொடங்கியதும் மருந்தை விட்டுவிடும் வழக்கமே நோய் மீண்டும் எழுவதற்கு வழி.

செய்யலாகாதன

பற்றுப் போடுதலால் சிறு நெறிக்குப் பெருந்தீங்கு இல்லையாயினும், சுண்ணாம்பு குழந்தையின் தோலை வெந்துபோகச் செய்யும். பற்றின் அடியில் கட்டி வளர்வதும் தெரியாது. சூடு போடுதல் கொடுமை; அது எந்தக் கட்டிக்கும் மருந்தன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் “வீக்கம் வற்றும் மாத்திரை” இவற்றினும் அபாயமானது. அவற்றுள் சில ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டியும் அம்மாத்திரையால் சில நாள் வற்றிப்போகும். பெற்றோர் மகிழ்வார்கள். நோயோ மறைந்திருந்து, சோதனைக்கும் அகப்படாமல், பின்னர் வலுத்து எழும்.

காதின் கீழே தாடையோரத்தில் வீங்கி, காது மடலைச் சற்றே தூக்கிக்காட்டுவது பொன்னுக்கு வீங்கி. தங்கச் சங்கிலி அணிவிப்பதால் கேடில்லை, பயனுமில்லை. பத்து நாளுக்குள் அது தானே வற்றும். வீக்கம் கண்ட நாள் முதல் ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருத்தல் பிறர் குழந்தைகளுக்குச் செய்யும் நன்மை. கடுந்தலைவலியும் வாந்தியும் கண்டாலோ, காது கேளாமற்போனாலோ, விதைப்பை நோவுடன் வீங்கினாலோ மருத்துவரைக் காண வேண்டும்.

கைக்குழந்தைகள்

பிறந்தவுடன் இடத்தோளில் பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. சில வாரங்கள் அல்லது சில திங்கள் கழித்து இட அக்குளில் ஒரு கணு பருப்பதுண்டு. அது தடுப்பு மருந்தின் விளைவு. பெரும்பாலும் தானே அடங்கும். இளகிச் சீழ் கோத்தால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். இதனையும் கீறலாகாது.

பிறந்த குழந்தைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், மார்பு சற்றே தடித்துச் சில துளி பாலும் கசியக்கூடும். தாயின் உடலிலிருந்து வந்த சுரப்பின் விளைவே அது. சில வாரங்களில் அடங்கும். குளிப்பாட்டும் மூதாட்டிகள் அதனைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. பிதுக்கினால் கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகும். இவ்வழக்கத்தை நாம் அடியோடு விட்டொழிக்க வேண்டும். பிறப்பின்போது தலையில் எழும் இரத்த வீக்கத்தையும் அழுத்தித் தேய்த்தல் தகாது. அது சில வாரங்களில் கரையும். இரண்டு மூன்று வாரக் குழந்தையின் கழுத்தில் ஒருபுறம் கெட்டியான தடிப்பும், தலை ஒருக்களித்து நிற்றலும் கண்டால் மருத்துவரிடம் காட்டிக் கழுத்துப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் அதுவே போதும்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு மேல் ஒரு மார்பில் மட்டும் சிறு உருண்டை நோவுடன் எழுவது பருவத்தின் தொடக்கம். தாய்மார்கள் அஞ்சிக் கீறவோ அகற்றவோ முயலலாகாது. மற்றப் பக்கம் பின்னர் வரும். 8 வயதுக்கு முன்னரே எழுந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அழும்போது புடைக்கும் கட்டி

குழந்தை அழும்போதும் முக்கும்போதும் தொடையிடுக்கில் புடைத்து, உறங்கும்போது மறைந்துபோகும் கட்டி குடலிறக்கம். இது மருந்தால் தீராது. வயது ஏறினால் மூடிக்கொள்ளும் என்று காத்திருத்தலும் தகாது. கண்டவுடன் அறுவை மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ள வேண்டும். புடைத்த கட்டி உள்ளே செல்லாமல் கெட்டியாகி, குழந்தை வீரிட்டழுது வாந்தி எடுத்தால், குடல் நெரிபட்டுவிட்டது என்று பொருள். அந்நிலையில் மணிகளே கணக்கு. விடியட்டும் என்று இருத்தல் உயிருக்கு ஆபத்து.

தொப்புள் புடைத்தல் இதனினும் வேறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு 4, 5 வயதுக்குள் அது தானே மூடும். அதன்மேல் நாணயம் வைத்துக் கட்டுவதால் விரைந்து மூடுவதில்லை. தோல் புண்ணாவதே மிச்சம்.

எண்ணெய்க் குளியலில் கண்ட கட்டி

வயிற்றில் தட்டுப்படும் கட்டியைப் பற்றித் தனியே கூறக் காரணம் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் ஒருவகைப் புற்றுக்கட்டி வளர்வதுண்டு. 1899-இல் அதனை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் பெயராலேயே அது வழங்குகிறது. குழந்தைக்கு வலி இராது. உண்பதும் ஆடுவதும் வழக்கம்போலவே இருக்கும். இதனை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவரல்லர், தாயே. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதோ, உடை மாற்றும்போதோ, வயிற்றின் ஒரு பக்கத்தில் வழவழப்பான கெட்டிப் பொருள் கைக்குத் தென்படும். கால்சட்டை இடுப்பில் இறுகுவதும், சிறுநீர் சிவப்பதும் சில நேரங்களில் உடன் காணும்.

வயிறு பெருத்ததைப் பூச்சி என்றும், குடலேற்றம் என்றும் கருதி, எண்ணெயிட்டு உருவிவிடுவோரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இக்கட்டியை அழுத்தி உருவினால் அது உள்ளே உடைந்து சிதறக்கூடும். ஆதலின், வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் மறுமுறை அழுத்திப் பார்த்தலும், அண்டை வீட்டாரை அழைத்து அழுத்திப் பார்க்கச் செய்தலும் கூடா. மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாட்பட்ட மலச்சிக்கலால் இறுகிய மலமும் கட்டிபோல் தட்டுப்படும். ஈரல், மண்ணீரல் வீக்கமாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறிதல் மருத்துவர் கடமை. வில்ம்ஸ் கட்டியே ஆயினும், அறுவையும் மருந்தும் காலத்தில் கிடைத்தால், குழந்தைகளின் புற்றுநோய்களுள் மிக நன்றாகக் குணமாகுபவற்றுள் இதுவும் ஒன்று.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முழங்காலின் அருகே வீக்கமும், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் நோவும் வந்தால், பந்தாட்டத்தில் விழுந்த இரத்தக்கட்டு என்று உருவிக் கட்டுப் போடுதல் ஆகாது. விழுந்த அடி இரண்டு வாரத்தில் குறையும். குறையாத வீக்கத்துக்கு முதலில் எக்ஸ்ரே, பின்னரே மற்றவை. எலும்புப் புற்று இவ்வயதில், இவ்விடத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

செல்லுமிடமும் செலவும்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே செல்லலாம். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டுப் பெறலாம். 2013-இல் தொடங்கிய பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அந்நாளில் குழந்தையின் கட்டியைப் பற்றி ஆசிரியரிடம் சீட்டெழுதி அனுப்பலாம். பெருஞ்செலவு வருமாயின் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடன் கொண்டுசெல்ல வேண்டும். நம்மிற் பலர் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, தறியையோ நகையையோ அடகு வைக்கிறார்கள். சிக்கன நிதியிலிருந்து முன்பணம் பெறுவதற்கும் சங்கத்தில் எழுதிக்கொடுக்கலாம். ஆனால், அட்டை செல்லுமிடத்தில் முன்பணம் ஏன்? முதலில் அட்டை, பின்னர் நிதி என்பதே நம் கருத்து.

குறிப்பேடு, பழைய மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்து முடிந்து இரண்டு வாரத்தில் மீண்டும் வரச்சொன்னால், கூலி போகிறதென்று அந்நாளைத் தவறவிடலாகாது. இரண்டாவது முறை அளக்கும்போதுதான் கட்டியின் இயல்பு பெரும்பாலும் வெளிப்படுகிறது.

சிறுமி ஆறு திங்கள் மருந்தையும் முடித்துவிட்டாள். ஒழுகிய வாய் நான்காவது திங்களில் மூடியது, தழும்பு இருக்கிறது. கழுத்தில் பயறளவு ஒரு கணு இன்னும் தட்டுப்படுகிறது. மருத்துவம் முடிந்தபின் இவ்வாறு சிறு மிச்சம் நிற்பதுண்டு என்றும், வளராதவரை அதற்கு மருந்து வேண்டா என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார். அவள் தாய் முதல் தேதிதோறும் அதனை அளந்து குறித்து வருகிறார். பாட்டனாரும் மருந்தை முடித்துத் தறிக்குத் திரும்பிவிட்டார். தறிக் கூடத்தின் மேற்குச் சுவரில் இப்போது ஒரு சாளரம் திறந்திருக்கிறார்கள்.